எங்கள் ஓட்டு எங்கே போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு, பெரம்பூரிலிருந்து

மில்காரர் மகன், பெரம்பூர்
ஏப்ரல் 6, 2024, இரவு 10:52

இன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். முன்னால் மேளம், பின்னால் வேன், இரண்டு பக்கமும் துண்டு போட்ட ஆட்கள். நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தவர் எனக்கு இருபது வருஷப் பழக்கம். என்னைப் பார்த்ததும் நீட்டிய நோட்டீஸை இழுத்துக்கொண்டார். "உனக்கு எதுக்குப்பா, உன் ஓட்டு எங்க போயிடும்" என்று சிரித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

அப்பா மில் தொழிலாளி. சம்பள நாளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய் நிற்பார். அங்கே சிவப்புத் துணி சுற்றிய தகர உண்டியலோடு தோழர்கள் நிற்பார்கள். அப்பா வெளியே வந்ததும் முதல் காரியமாக என் கையில் காசைக் கொடுத்து அதில் போடச் சொல்வார். உண்டியல் காலியாக இருந்தால் காசு விழும்போது டங் என்று கேட்கும், நிறைந்திருந்தால் சத்தமே வராது. சத்தம் வராத நாளில் அப்பாவுக்கு சந்தோஷம். நம்ம கட்சி நம்ம காசில் நடக்கிறது என்பார். எனக்கு அரசியல் அங்கேதான் தொடங்கியது.

2014 நாடாளுமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் உ. வாசுகி வடசென்னையில் நின்றார். 2016 சட்டமன்றத் தேர்தலில் அ. சவுந்தரராசன் பெரம்பூரில் நின்றார். அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்தில் நான் கடைசியாகக் கை வைத்தது அப்போதுதான். 2019-லும் 2021-லும் திமுக கூட்டணி வேட்பாளருக்குப் போட்டேன். இப்போதும் அதே நிலைமைதான்.

கூட்டணி எனக்குப் புரியாத விஷயம் இல்லை. பாஜகவுக்கு எதிராக ஒன்றாக நிற்க வேண்டும், சரி. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் எதையோ விழுங்கிக்கொண்டு போய் நிற்கிறோம். 2019 தேர்தல் செலவுக்காக திமுக இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாகத் தேர்தல் ஆணையத்துக்குப் போன கணக்கிலேயே இருந்தது. ஒளித்து வாங்கிய பணம் இல்லை என்று விளக்கம் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனாலும் அன்று ராத்திரி அந்தத் தகர உண்டியல்தான் ஞாபகம் வந்தது. பத்து கோடி விழுகிற உண்டியலில் என் ஒரு ரூபாய்க்கு என்ன சத்தம் கேட்கும்?

போன வருஷம் ஏப்ரல் 21-ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தத்தை இதே திமுக அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. இடதுசாரி உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். பெரிய வெற்றிதான் அது. அதை இந்தத் தேர்தலில் எங்கள் தெருவில் ஒருவராவது மைக்கில் சொல்ல வேண்டாமா? சொன்னால் கூட்டணிக்குச் சங்கடம் என்று பேசாமல் இருக்கிறார்கள்.

மற்ற பக்கம் போவதாகவும் இல்லை. அதிமுக இப்போதுதான் பாஜகவை விட்டு வந்திருக்கிறது. 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். நாம் தமிழர் பேசும் அரசியல் எனக்கு ஒத்துவராது. நோட்டாவில் கை வைக்க அப்பா முகம் விடாது. என்னை மாதிரி இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? என்ன செய்யப் போகிறீர்கள்?

செங்கொடி, மூலக்கடை
ஏப்ரல் 7, காலை 6:15

தோழர், ராத்திரியே படித்துவிட்டேன். கோபத்தில் பதில் எழுத வேண்டாம் என்று காலைவரை பொறுத்தேன்.

திமுக, அதிமுக இரண்டும் இல்லாமல் நின்று பார்த்தோம். 2014-ல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து தமிழகத்தில் 18 தொகுதிகளில் நின்றோம், ஓர் இடம்கூட இல்லை. 2016-ல் மக்கள் நலக் கூட்டணி என்று நின்றோம். சட்டமன்றத்தில் ஒரு கம்யூனிஸ்ட்கூட இல்லாத நிலை வந்தது. நீங்கள் ஓட்டுப் போட்ட அதே பெரம்பூரில் அதிமுக வெறும் 519 வாக்கில் ஜெயித்தது. 2006-ல் திமுகவோடும் 2011-ல் அதிமுகவோடும் சேர்ந்து நாம் ஜெயித்த தொகுதி அது. இன்று நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டிலிருந்து நான்கு இடதுசாரிகள் இருப்பது கூட்டணியால்தான்.

நான்கு பேர் எதற்கு என்று கேட்காதீர்கள். டெல்லியில் பாஜக ஆட்சிக்காரர்கள் 29 தொழிலாளர் சட்டங்களைக் கரைத்து நான்கு தொகுப்பாக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் குடியுரிமைச் சட்ட விதிகளை அறிவித்துவிட்டார்கள். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. பிப்ரவரி 15-ஆம் தேதி தீர்ப்பு வந்து அது செல்லாது என்றானது. நாங்கள் ஒரு பத்திரம்கூட வாங்கவில்லை.

இந்த நேரத்தில் நம்ம ஆட்களே சோர்ந்து பேசினால் யாருக்கு லாபம்?

மில்காரர் மகன், பெரம்பூர்
ஏப்ரல் 7, காலை 7:40

தோழர், பத்திரத்தை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். நாம் வாங்கவில்லை, எனக்கு அதில் பெருமைதான். பாஜக ஆறாயிரம் கோடிக்கு மேல் வாங்கியதை மேடைக்கு மேடை சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் திமுக 656 கோடி வாங்கியது, அதில் 509 கோடி ஒரே லாட்டரிக் கம்பெனி கொடுத்தது. லாட்டரிச் சீட்டில் கூலிப் பணத்தைத் தொலைத்த வீடு இந்தப் பக்கம் கொஞ்சமா? அதைப் பற்றி நம் மேடையில் ஒரு வாக்கியம் வருமா? எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். கூட்டணியை உடையுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

எண்ணூர் அலை
ஏப்ரல் 7, காலை 11:05

நான் முகத்துவாரக் குப்பம் பக்கம். அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் கதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டிசம்பர் புயலில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. கொசஸ்தலை ஆறு கறுப்பாகிவிட்டது. படகு, வலை, அலையாத்திச் செடி, கரையில் நின்ற நாய் எல்லாவற்றின் மேலும் அந்தப் பிசுக்கு. எங்கள் ஆட்கள் வெறுங்கையால் குவளையில் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். மாமா படகை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். உள்ளங்கை தோல் உரிந்ததே தவிர பலகையில் ஏறிய வாடை போகவில்லை. குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஒரு வலையின் விலை தெரிந்தவர்கள் அந்தத் தொகையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஆற்றில் இறால் எடுக்கிற பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவித்தான் பிடிப்பார்கள். வாரக்கணக்கில் அவர்களுக்கு வேலையே இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து வந்தது. என் சித்தி வீடு அங்கேதான். கண் எரிகிறது, மூச்சு அடைக்கிறது, என்ன வாயு என்று சொல்ல யாரும் இல்லை. ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஓடியது கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்த அறிவு இருந்ததால்தான்.

இப்போது எல்லாக் கட்சியும் வருகிறார்கள். வடசென்னை வளர்ச்சி என்கிறார்கள். மார்ச் 14-ஆம் தேதி 4,181 கோடிக்குத் திட்டம் தொடங்கினார்கள், 16-ஆம் தேதி தேர்தல் தேதி அறிவிப்பு வந்துவிட்டது. பாலம், பள்ளி, விளையாட்டுத் திடல் எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டுவது நிறுத்தப்படுமா, ஆற்றில் சுடுதண்ணீர் விடுவது நிற்குமா, ராத்திரி வாயு கசிந்தால் சைரன் அடிக்குமா என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. இடதுசாரித் தோழர்கள் டிசம்பரில் அரிசி, பாய் கொண்டுவந்தார்கள். அதை மறக்க மாட்டோம். ஆனால் மின்நிலையம் வந்தால் வேலை வரும் என்று அவர்களும் ஒரு காலத்தில் பேசியவர்கள்தான். தொழிலாளி வேறு, மீனவர் வேறு என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

கொருக்குப்பேட்டை வண்டி
ஏப்ரல் 7, மதியம் 3:20

எனக்கு இது முதல் நாடாளுமன்ற ஓட்டு. சாப்பாடு டெலிவரி செய்கிறேன். 12 மணி நேரச் சட்டத்தை வாபஸ் வாங்கியதாகப் பெரியவர்கள் பேசுகிறீர்கள். நான் தினமும் பதிமூன்று மணி நேரம் வண்டியில் இருக்கிறேன். எட்டு மணி நேரத்தோடு ஆப்பை மூடினால் பெட்ரோல், வண்டித் தவணை போக வீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. எந்தச் சட்டத்தையும் திருத்தாமலேயே எங்களுக்கு 12 மணி நேரம் வந்துவிட்டது. நாங்கள் தொழிலாளி என்றே எழுத்தில் இல்லை, 'பார்ட்னர்'.

போன சுதந்திர தினத்தில் எங்களுக்கு நலவாரியம் என்று முதல்வர் அறிவித்தார். நல்ல விஷயம். எங்கே பதிவு செய்வது என்று எங்கள் குரூப்பில் இருநூறு பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த வேனிலிருந்தும் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது எல்லா நோட்டீஸும் வாங்கிப் படிப்பவன் நான்.

புளியந்தோப்புப் பெண்
ஏப்ரல் 7, இரவு 9:48

எல்லாவற்றையும் வாசித்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். செப்டம்பரிலிருந்து அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் இப்போது எழும்பூர் வரை போய் இன்னொரு வீடு பிடித்திருக்கிறார். அக்கா பிள்ளை பள்ளிக்கூடத்தில் காலை உப்புமா சாப்பிடுகிறான். இதெல்லாம் சின்ன விஷயம் என்று இங்கே யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் ஆண்கள் அரசியல் பேசும்போது இது கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. அம்மா ஓட்டு யாருக்கு என்று நான் கேட்கவே தேவையில்லை. அவர் ஏமாறவில்லை, தன் கையில் வந்ததை எண்ணிப் பார்த்துப் போடுகிறார்.

இன்னொன்று. இதே அம்மா, வேலை செய்கிற வீடுகளில் வாரம் ஒரு நாள் லீவு கேட்க முடியாது, சம்பளம் இவ்வளவு என்று எழுத்தில் கிடையாது. அதைக் கேட்க எந்தக் கட்சிக்காரர் எங்கள் லைனுக்கு வந்தார்? சங்கம் என்றால் மில், துறைமுகம், பஸ் டிப்போ என்றுதான் இடதுசாரிகள் பழகிவிட்டார்கள். இன்று வடசென்னையில் உழைக்கிறவர்களில் பாதிப் பேர் கேட் இல்லாத இடத்தில் வேலை செய்கிறோம். உண்டியலை எந்தக் கேட்டில் வைப்பீர்கள்?

நீலம், வியாசர்பாடி
ஏப்ரல் 8, காலை 8:30

அக்கா எழுதியதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். பெரம்பூர் என்றால் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம், அதை நடத்திய வாடியா, திரு.வி.க., அப்புறம் 1923-ல் சிங்காரவேலர் கடற்கரையில் நடத்திய மே தினம் என்று மேடையில் சொல்வார்கள். எல்லாம் நம் பெருமைதான். ஆனால் 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தைப் பாதிதான் சொல்வார்கள். அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன. கருங்காலி என்று ஒரே சொல்லில் அவர்களை முடித்துவிட்டார்கள். சங்கத்தில் சரிசமமாக உட்கார வைத்தார்களா, அவர்கள் குடும்பத்துக்கு அந்த மாதங்களில் யார் சோறு போட்டார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. என் பாட்டி வழியாக வந்த கதை அது, எங்களுக்கு இன்னும் பழசாகவில்லை.

இப்போதைக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தது 2022 டிசம்பரில். பதினைந்து மாதம் தாண்டிவிட்டது, ஒருவரைக்கூடக் கைது செய்யவில்லை. விசிகவும் இடதுசாரிகளும் போராடினார்கள், அறிக்கை விட்டார்கள். தேர்தல் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பாஜக வந்தால் இன்னும் மோசம் என்று எனக்கும் தெரியும். அதைக் காட்டியே எங்களை எத்தனை நாள் வாயை மூடச் சொல்வீர்கள்?

செங்கொடி, மூலக்கடை
ஏப்ரல் 8, இரவு 11:30

இன்று முழுக்க வேலையே ஓடவில்லை. எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் கிளையில் மிகவும் இளையவருக்கு 46 வயது. வெயிலில் வேனுக்குப் பின்னால் நடக்க முடியாமல் போன வாரம் ஒரு தோழர் உட்கார்ந்துவிட்டார். உண்டியல் வசூலுக்கு இன்றும் போகிறோம். மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மா பத்து ரூபாய் போடுகிறார், இளைஞர்கள் என்ன கட்சி என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது.

கூட்டணி மேடையில் எங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் பெயர் சொல்லி வணங்குவதில் போய்விடும். மீதியில் சங்கடமானதைப் பேசினால் அடுத்த கூட்டத்தில் அந்த ஐந்து நிமிஷமும் இருக்காது. இதுதான் உண்மை நிலவரம். இதை நான் எங்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், வெளியில் இதுவரை எழுதியதில்லை.

வேங்கைவயல், எண்ணூர், வீட்டு வேலை செய்கிற பெண்கள் என்று நீங்கள் ஒவ்வொருவரும் கேட்டதற்கு என்னிடம் வாதம் எதுவும் இல்லை. புளியந்தோப்புச் சகோதரி, உண்டியல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மில்காரர் மகன், பெரம்பூர்
ஏப்ரல் 9, காலை 6:50

தோழர், இப்படி ஒருவர் பேசி நான் கேட்டுப் பல வருஷம் ஆயிற்று.

முந்தாநாள் நான் எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. என் கோபம் முழுக்க மேலே பார்த்தே இருந்தது. யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் எத்தனை கோடி வாங்கினார்கள் என்று. கொருக்குப்பேட்டைத் தம்பி சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. என் வீட்டுக்கே வாரம் இரண்டு முறை சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற பையன்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேங்கைவயலுக்காக முகநூலில் ஒரு பதிவு போட்டதோடு சரி.

ஒன்று செய்யலாம். நம் கேள்விகளை ஒரே தாளில் எழுதுவோம். அறிக்கை மாதிரி வேண்டாம். கேள்வியாகவே இருக்கட்டும், ஆளுக்கொன்று. உங்கள் கூட்டணி மேடையில் அந்த இரண்டு நிமிஷத்தில் அதை வாசிக்க முடியுமா தோழர்? ஓட்டைக் குறைக்கிற பேச்சு இல்லை. ஓட்டுப் போடப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி.

கொருக்குப்பேட்டை வண்டி
ஏப்ரல் 9, காலை 10:10

நான் டைப் செய்து ஜெராக்ஸ் போடுகிறேன் அண்ணா. என் கேள்வி: நலவாரியத்தில் பதிவு செய்ய எங்கே போக வேண்டும், விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் கொடுப்பது?

புளியந்தோப்புப் பெண்
ஏப்ரல் 9, மதியம் 1:15

வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச மணிக் கூலியும் வார விடுமுறையும் சட்டமாகுமா? அம்மாவிடம் கேட்டு எழுதினேன். "வயசானா பென்ஷன் உண்டான்னும் கேளு" என்றார். அதையும் போடுங்கள்.

நீலம், வியாசர்பாடி
ஏப்ரல் 9, மாலை 6:02

வேங்கைவயலில் குற்றவாளியை எப்போது கைது செய்வீர்கள்? அவ்வளவுதான், ஒரு வரி போதும்.

எண்ணூர் அலை
ஏப்ரல் 9, இரவு 8:44

அமோனியாக் குழாய் மறுபடி திறக்கப்படுமா? ராத்திரி கசிந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள், எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

மில்காரர் மகன், பெரம்பூர்
ஏப்ரல் 16, இரவு 11:55

தெருமுனைக் கூட்டம் இன்று நடந்தது. முழுவதும் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

செங்கொடித் தோழரை ஏழாவதாகக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். கை நடுங்கியது, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வணக்கம் சொல்வதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, "இந்தத் தெருவுல நமக்கு ஓட்டுப் போடப் போறவங்க சில கேள்வி எழுதிக் குடுத்திருக்காங்க, வாசிக்கிறேன்" என்று தொடங்கினார். முதலில் 12 மணி நேர வேலை, அது எந்த வடிவத்திலும் திரும்ப வராது என்று சொல்வீர்களா என்பது. அடுத்தது டெலிவரி ஆட்கள். ஓரமாக வண்டியில் உட்கார்ந்திருந்த நான்கைந்து பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். மூன்றாவது வீட்டு வேலை. பென்ஷன் என்ற சொல் வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல், அன்றைய கூட்டத்திலேயே பெரிய கைதட்டல் அதுதான். நான்காவதைத் தொடங்கும்போது பக்கத்தில் நின்றவர் அவர் தோளைத் தொட்டு, வேட்பாளர் வந்துகொண்டிருக்கிறார், நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார். தோழர் தாளைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே கடைசிவரை மேடை ஓரத்தில் நின்றார்.

இறங்கி வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. அப்புறம் அவர், "நாளைக்கு எங்க ஆட்களே என்னைக் கேப்பாங்க, பரவாயில்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் கூட்டணிக்குத்தான் போடப் போகிறேன். பாஜக வரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

நீலம், வியாசர்பாடி
ஏப்ரல் 17, காலை 7:20

நான்காவது எது அண்ணா?

மில்காரர் மகன், பெரம்பூர்
ஏப்ரல் 17, காலை 7:31

வேங்கைவயல், தம்பி. ஐந்தாவது எண்ணூர். இரண்டையும் வாசிக்க விடவில்லை. வரிசையை நான்தான் எழுதினேன். என் கேள்வியை முதலில் போட்டுவிட்டு உங்கள் இரண்டையும் கடைசியில் வைத்தது என் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் அலை
ஏப்ரல் 17, காலை 9:03

இன்று சாயங்காலம் ஆறு மணியோடு பிரசாரம் முடிகிறது. ஜூன் 4 எண்ணி முடிக்கட்டும். ஜெயித்தவர் நன்றி சொல்ல எங்கள் குப்பத்துக்கு வருவார், போன முறையும் வேனில் வந்தார்கள். அண்ணா, அதே தாளை இன்னொரு தடவை எழுதுங்கள். வேங்கைவயல் முதலில், அமோனியா இரண்டாவது. நீலம் தோழர், நீங்களும் வாருங்கள். மைக் வேண்டாம், வேனுக்கு முன்னால் நின்று நாமே வாசிப்போம்.